மேல்மாடியில் இரண்டு, கீழ்மாடியில் ஒன்று

மார்ச் 3

தம்பி,

உன் உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை உன் அக்கா, ஐம்பத்தோரு வயதுக் கழுதை, துணி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டேன்.

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார் என்று கீழ்வீட்டுக்காரி ஓடிவந்து சொன்னாள். "நீ இங்க இருக்கிறது தெரிஞ்சா ஊசியோட பணம் போயிடும், எங்கயாவது மறைஞ்சுக்கோ" என்றாள். ஊசியை உனக்குத் தெரியும், என்னோடு எட்டு வருடமாக இந்த இரண்டு அறையில் குடியிருக்கும் தையல்காரி. புருஷன் போன பிறகு மாதா மாதம் வருகிற விதவைத் தொகைதான் அவளுக்குப் பாதிச் சாப்பாடு. ஒரு கண்ணில் புரை வந்த பிறகு முன்னே மாதிரி தைக்க முடிவதில்லை.

நானும் யோசிக்காமல் அலமாரிக்குள் நுழைந்துவிட்டேன். உள்ளே பாச்சை உருண்டை. இரண்டு நிமிடத்தில் தும்மல் வந்தது.

"உள்ள யாரு?" என்றார் ஆய்வாளர்.

"பூனைங்க" என்றாள் ஊசி.

மறுபடியும் தும்மினேன்.

"பூனைக்குச் சளியா?"

"இல்லைங்க... வாடகைக்கு இருக்கிறவங்க."

"அலமாரிக்குள்ளயா?"

"வாடகையெல்லாம் ரொம்ப ஏறிடுச்சுங்க."

மனுஷன் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். முதுகில் ஒரு ஹேங்கரோடு நான் வெளியே வந்தேன். சமையல் ஒன்றாகவா தனித்தனியாகவா என்று கேட்டார். "ஒரே சட்டிதாங்க, ரெண்டு வைக்க அடுப்புல இடமில்ல" என்று உள்ளதைச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

நேற்றுத் தபால் வந்தது. நாங்கள் ஒரே குடும்பமாம். என் சம்பளம் இருவருக்கும் போதுமாம். இந்த மாதத்திலிருந்து ஊசிக்குப் பணம் கிடையாதாம். மேல்முறையீடு செய்யலாம் என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதை எப்படிச் செய்வது? நீ பள்ளிக்கூட ஆபீசில் ஃபைலோடு குடித்தனம் நடத்துகிறவன். நான் ஐந்தாம் வகுப்பு. போனில் கேட்டால் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

மூன்று வாண்டுகளுக்கும் இருமல் விட்டதா? உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அலமாரி அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் சுகம். சின்னவனுக்கு மட்டும் பல் வலி. அலமாரிக் கதையை வாசித்துக் காட்டினேன், வீடே சிரித்தது.

ஆனால் விஷயம் சிரிப்பதற்கில்லை. இருவர் ஒரு வீட்டில் இருந்தால் செலவு குறையும், அதனால் உதவியையும் குறைக்கிறார்கள். விதியில் அப்படித்தான் இருக்கிறது. இன்னொரு அடுப்பு வாங்கி வைத்துப் பார். அது சரிவராவிட்டால் ஊசி அக்கா வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். மேல்முறையீடு மட்டும் வேண்டாம். அங்கே போனால் பழைய கோப்புகளையெல்லாம் கிளறுவார்கள்.

தனி ஆளுக்கு வரி அதிகம் என்று எப்போதும் குறைபடுகிறாய். எனக்கு ஒரு சம்பளத்தில் ஐந்து வயிறு. குடும்பஸ்தனுக்குச் சலுகை கொடுப்பது பிச்சை இல்லை. நாளைக்கு உனக்கு ஓய்வூதியம் வரப்போவது இந்தப் பிள்ளைகள் கட்டப்போகும் வரியிலிருந்துதான்.

முட்டிக்குத் தைலம் தடவு.

தம்பி

பி.கு: பதிவேட்டில் உன் விலாசம் எது என்று அந்த ஆய்வாளர் கேட்டாரா?

மார்ச் 26

ஐந்து வயிற்றின் சொந்தக்காரனுக்கு,

முட்டி தேவலை. பல் வலிக்குக் கிராம்பு வை.

உன் பிள்ளைகள் வாங்கும் சலுகையில் எனக்குப் பொறாமை இல்லை, தம்பி. தின்னட்டும், வளரட்டும், ஓய்வூதியம் கட்டட்டும். அவர்கள் பிறந்த ஆஸ்பத்திரியின் விரிப்பைத் துவைத்து இஸ்திரி போட்டவளும் இந்த அத்தைதான், அதையும் ஒரு மூலையில் எழுதி வை.

என் கேள்வி வேறு. எங்கள் ஊரில் வரி ஆபீசும் உதவித்தொகை ஆபீசும் ஒரே கட்டடம். மேல்மாடியில் வரி, கீழ்மாடியில் உதவி. மேல்மாடியில் போய் "நாங்க ரெண்டு பேர் ஒரே வீடுங்க, கல்யாணமானவங்களுக்குக் குறைக்கிற மாதிரி எங்களுக்கும் குறைங்க" என்று மூன்று வருடத்துக்கு முன்னே கேட்டேன். "நீங்க யாருக்கு யாரும்மா? தனித்தனி ஆள், தனித்தனியா முழு வரி" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது கீழ்மாடிக்காரர்கள் ஒரே குடும்பம் என்கிறார்கள். பதினெட்டுப் படி இறங்குவதற்குள் எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது! மாலை எங்கே என்று கேட்டாயா?

எங்கள் சலவைக்கூடத்தில் பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. எதிரே ஒருத்தி நின்று இரண்டு முனையைப் பிடிப்பாள், நடந்து வந்து என் கையில் கொடுப்பாள். இன்றைக்கு ஒருத்தி, நாளைக்கு வேறொருத்தி. முனை பிடித்தாள் என்பதற்காக அவள் சாப்பாட்டுச் செலவை என் சம்பளத்தில் எழுதுவார்களா? ஊசியும் நானும் அப்படித்தான் வாழ்க்கையை மடிக்கிறோம்.

அதனால் இரண்டாவது அடுப்பு வாங்கமாட்டேன். உப்பு ஜாடிக்கு நடுவே கோடு கிழிக்கவும் மாட்டேன். குடும்பம் என்றால் வரியைக் குறைக்கட்டும். தனி என்றால் அவள் பணத்தைக் கொடுக்கட்டும். இரண்டில் ஒன்று. எங்கள் மேற்பார்வைக்காரி மனு எழுதித் தந்தாள். நேற்றே போட்டாயிற்று.

விலாசத்தை எதற்குக் கேட்டாய்? நான் இருக்கிற இடம்தான் என் விலாசம். உனக்கென்ன, தபால்காரன் உத்தியோகமா?

அக்கா

மே 5

தம்பிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கை சுளுக்கா, மனசு சுளுக்கா? கையென்றால் ஒத்தடம் கொடு.

ஜூன் பன்னிரண்டாம் தேதி விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் இங்கே ஒரு கூத்து. ஊசி மூட்டை கட்டிவிட்டாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையின் மச்சில் படுக்க இடம் பார்த்திருக்கிறாள். ஜன்னல் கிடையாது. புரை விழுந்த கண்ணை வைத்துக்கொண்டு ஜன்னல் இல்லாத இடத்தில் ஊசியில் நூல் கோக்கப் போகிறாளாம்.

"நான் போயிட்டா எனக்குப் பணம் வரும், உனக்கும் தொல்லை இல்ல" என்றாள்.

"உனக்கு எப்பவுமே கணக்கு வராது. அந்த இடத்து வாடகை உன் பணத்தைவிட அதிகம்டி" என்றேன்.

"உன் சோத்தைத் தின்னுக்கிட்டு இருக்கேன்னு கவர்மெண்டே எழுதிக் கொடுத்துடுச்சே. அதுக்கப்புறம் எப்படி விழுங்கறது?"

அந்தக் கடுதாசி வந்த நாளிலிருந்து அவள் தட்டில் பாதிதான் போட்டுக்கொள்கிறாள். பணத்தை நிறுத்தினார்கள், அது போகட்டும். ஒருத்தியை அவள் சட்டி முன்னாலேயே கூச வைத்தார்களே, அதை நான் விடப்போவதில்லை.

இப்போதைக்கு அவள் தையல் மெஷின் பெல்ட்டைக் கழற்றி மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். பெல்ட் இல்லாமல் போகமாட்டாள். நாலு நாளாக வீடு முழுக்கத் தேடுகிறாள், நானும் கூடவே குனிந்து தேடுகிறேன்.

பதில் போடு.

அக்கா

மே 22

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். தேர்வு நேரம், வேலை அதிகம். எல்லோரும் நலம்.

விசாரணையைத் தள்ளி வைக்கச் சொல்ல முடியுமா? மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அபராதம் எதுவும் கிடையாது, விசாரித்துவிட்டேன். ஊசி அக்காவுக்கு மாதம் ஒரு தொகை நானே அனுப்புகிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

போய்த்தான் தீருவேன் என்றால், என்னைப் பற்றி ஏதாவது கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு.

தம்பி

ஜூன் 12

தம்பிக்கு,

விசாரணைக்குப் போனேன். உன்னைப் பற்றிக் கேட்டார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். அதிகாரிக்கு இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில். கூட ஓர் உதவியாளர். சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றைப் பையில் கொண்டுபோயிருந்தேன். மேசைமேல் போட்டேன்.

"சார், இதைக் கொஞ்சம் மடிங்க."

"எதுக்கும்மா?"

"மடிங்க, சொல்றேன்."

தனியாகப் பிடித்தார். பேனா ஸ்டாண்டு விழுந்தது, ஒரு முனை தேநீரில் நனைந்தது. உதவியாளர் தாங்கமாட்டாமல் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார். மடித்துவிட்டார்கள், முனைகூடச் சரியாகத்தான் சேர்ந்தது.

"இப்ப நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா சார்? இவர் சம்பளத்தை நிறுத்திடலாமா?"

உதவியாளர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா, நீங்க அந்த வீட்டுலயே இல்லையே."

"பின்ன எங்க சார் இருக்கேன்?"

வாசித்தார். "வருமானம் இல்லாத, மணமாகாத சகோதரி. தம்பியின் இல்லத்தில், தம்பியின் பராமரிப்பில்." பதினோரு வருடமாக உனக்கு அதற்கென்று மாதா மாதம் ஒரு படித்தொகை வருகிறதாம். வருடா வருடம் "பென்சில் போட்ட இடத்தில கையெழுத்துப் போடுக்கா, வரிக் காகிதம்" என்று அனுப்புவாயே, அதில் ஒன்றாம். கையெழுத்தைக் காட்டினார். என் கோணல் எழுத்துதான்.

அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆமா, தம்பி வீட்டுலதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க தோழி தனியா இருக்காங்கன்னு ஆயிடும். அவங்க பணம் அடுத்த மாசமே வரும். உங்க தம்பிக்கும் பிரச்சினை இல்ல. ஃபைலை மூடிடலாம்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் ஊசி உட்கார்ந்திருந்தாள். மூட்டை காலடியில் இருந்தது. தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும், அவளுக்குக் கிடைத்துவிடும். என் கழுத்து ஆடவில்லை.

எழுத்தில் தருகிறேன் என்று பதினாலு நாள் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

எப்படி இருக்கிறாய் என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை.

அக்கா

ஜூன் 16

அன்பான அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். பிள்ளைகள் நலம். தபாலை நான்தான் பிரித்தேன், தப்பாக நினைக்காதீர்கள். பிரித்ததும் நல்லதுக்குத்தான்.

பதினோரு வருடமாக இந்த வீட்டில் ஆறாவது ஆளாக நீங்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாத்திரமாவது தேய்க்கச் சொல்லியிருப்பேன்.

கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்துவிட்டு எழுந்து போனார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கெஞ்சவும் இல்லை. அவரே எழுதுவார். எழுதாவிட்டால் நான் பேருந்து ஏறுவேன்.

நீங்கள் உங்கள் கழுத்தை ஆட்டவே ஆட்டாதீர்கள்.

தம்பி மனைவி

ஜூன் 19

அக்கா,

சலவைக்கூடத்து இஸ்திரி உருளையில் உன் கை மாட்டிக்கொண்டு வெந்தபோது ஆறு மாதம் இங்கே இருந்தாயே, அப்போது எழுதிக் கொடுத்தது அது. அன்றைக்கு அதில் ஒரு பொய்யும் இல்லை. இவள் உனக்கு ஸ்பூனால் ஊட்டினாள், நினைவிருக்கும். கை ஆறி நீ வேலைக்குத் திரும்பிய மாதம்தான் சின்னவன் பிறந்தான். பெயரை எடுத்துவிடலாம் என்று படிவத்தை வாங்கினேன். அடுத்த மாதம் எடுக்கலாம் என்று வைத்தேன். அடுத்த மாதம், அடுத்த வருடம் என்று போய்விட்டது. உன் பைசா எதையும் நான் தொடவில்லை.

செய்தது தப்பு. ஆனால் இப்போது யோசித்துப் பார். நீ ஆமாம் என்றால் ஊசி அக்காவுக்குப் பணம் வரும், எனக்கு வேலை போகாது, உனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இத்தனை பேருக்கு நல்லது செய்கிற ஒரு பொய்யைச் சொன்னால் என்ன? அவர்கள் விதி மட்டும் ரொம்ப நியாயமா? நீயே கேட்ட கேள்விதானே?

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். கையில் அந்தத் தழும்பு இன்னும் அரிக்கிறதா?

தம்பி

ஜூன் 23

தம்பி,

தழும்பு மழை வந்தால் அரிக்கும். விசாரித்ததற்கு நன்றி.

உன் கடிதத்தை ஊசிக்குப் படித்துக் காட்டினேன். "ஆமான்னு சொல்லித் தொலை, பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி" என்றாள் அந்தப் பைத்தியம். ஒருநாள் முழுக்க நானும் யோசித்தேன். உருளை மெஷின் பக்கத்தில் நின்றால் யோசனை நன்றாக வரும், சூட்டில் எல்லாச் சுருக்கமும் தெரிந்துவிடும்.

நீ என் பணத்தைத் திருடியிருந்தால் நான் சிரித்திருப்பேன். நேரே கேட்டிருந்தால் என் சம்பளத்திலிருந்தே சின்னவனுக்குப் பால் வாங்கியிருப்பேன். நீ எழுதியிருப்பது என்ன? "வருமானம் இல்லாதவர்." பத்தொன்பது வயதிலிருந்து முப்பத்திரண்டு வருடம் கொதிநீரிலும் ஆவியிலும் நின்றவள், தம்பி. உன் பரீட்சைப் பணமும் அந்த ஆவியில் வந்ததுதான். கல்யாணமாகாதவள் என்றால் யாராவது ஒருத்தர் பராமரிப்பில்தான் இருக்க வேண்டும் என்று கீழ்மாடிக்காரன் நினைக்கலாம். நீ நினைக்கலாமா?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நான் தலையை ஆட்டினால் ஊசியின் பணம் என் பொய்மேல் நிற்கும். என்றைக்காவது இன்னோர் ஆய்வாளர் வருவார், நான் மறுபடி அலமாரிக்குள் போக வேண்டும். எனக்குப் பாச்சை உருண்டை ஒத்துக்கொள்ளாது.

அதனால் நான் எழுதியிருப்பது இதுதான்: "நான் இந்த வீட்டில் இருக்கிறேன். என் சோற்றை நான் சம்பாதிக்கிறேன். யாரும் என் பராமரிப்பில் இல்லை, நானும் யார் பராமரிப்பிலும் இல்லை. மேல்மாடி என்னிடம் முப்பத்திரண்டு வருடமாகத் தனி ஆள் என்று வரி வாங்குகிறது. கீழ்மாடியும் அப்படியே எண்ணட்டும்." இருபத்தாறாம் தேதி கொடுக்கப்போகிறேன். அதற்கு முன்னால் நீயே எழுதிக்கொடுத்து உன் காகிதத்தைத் திரும்பப் பெற்றால் உனக்கு நல்லது. மூன்று நாள் இருக்கிறது. தபால் வேண்டாம், நேரில் போ.

சாப்பிடு.

அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இருபத்தைந்தாம் தேதி காலையில் நேரில் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். இவளும் கூட வந்தாள், நான் வழியில் திரும்பிவிடாமல் இருக்க. தானாக வந்து சொன்னதால் வழக்கு இல்லை. வாங்கியதைத் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். நாலு வருடம் ஆகும். சாயங்காலம் ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறேன்.

கவுன்டரில் இருந்தவர் "குடும்பத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டார். ஐந்து என்று சொன்னேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக. சொல்லும்போது என்னவோபோல் இருந்தது.

நான் எழுதினால் நீ படிப்பாயா என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

மேல்மாடிக்கு எப்போதாவது மனுப் போடுவதென்றால் படிவத்தை நான் நிரப்பித் தருகிறேன். பென்சில் குறி போடமாட்டேன்.

தம்பி

ஆகஸ்டு 14

அன்புத் தம்பிக்கு,

முட்டி, தழும்பு, வாய் மூன்றும் நலம். நீ சாயங்கால வேலைக்குப் போய் இளைத்துவிட்டாய் என்று உன் வீட்டுக்காரி எழுதியிருக்கிறாள். தொப்பை குறைந்தால் சரி, அதற்கு யாரும் வரி போடுவதில்லை.

தீர்ப்பு வந்துவிட்டது. "ஒரே விலாசத்தில் வசிக்கும், ஒருவரையொருவர் சாராத இரு தனிநபர்கள்." ஊசிக்கு மார்ச்சிலிருந்து நின்றதெல்லாம் சேர்த்து வருகிறது. அதிகாரியே கூப்பிட்டுச் சொன்னார். "மேல்மாடிக் காகிதத்தை முதல் தடவையா இறக்கிப் பார்த்தோம்மா" என்றார். "பதினெட்டுப் படிதானே சார், முட்டி வலிக்கிற நானே ஏறி இறங்கறேன்" என்றேன். விரிப்பைத் திருப்பிக் கொடுத்தார். தேநீர்க் கறை அப்படியே இருந்தது. எங்களிடம் கொடுத்தால் எடுத்திருப்போம்.

ஊசி மூட்டையைப் பிரித்துவிட்டாள். அன்றைக்கு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள், எனக்கு அடிச்சட்டிதான் மிச்சம். மெஷின் பெல்ட்டை மாவு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஒருவரையொருவர் சாராத தனிநபர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், பேசாமல் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. தனி ஆள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சம்பளத்தில் ஒரு வயிறுதானே என்பாய். அந்த ஒரு வயிற்றுக்கும் முழு வாடகை, முழு விளக்கு, முழுக் காய்ச்சல். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் கிடைத்தால் அதற்கும் கேள்வி. உன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை ஒரு பைசா பிடுங்காமல் இதற்கும் ஒரு வழி சொல்லட்டும் என்றுதான் மேல்மாடிக்கு மனு. எங்கள் கூடத்தில் தனி ஆட்கள் பதினாலு பேர். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். விடியற்கால ஷிப்டில் வருகிற கிழவி ரேகை வைத்தாள், இரண்டு கட்டைவிரலும் வைப்பேன் என்று அடம்பிடித்து.

நீ நிரப்பி அனுப்பிய படிவம் பார்க்க அழகு. இந்தத் தடவை ஒரு வரி விடாமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். வேலை முடிந்து மேல்மாடியில் கொடுக்கலாம் என்று ஏப்ரன் பையில் வைத்தேன்.

திங்கட்கிழமை ஏப்ரன் மாற்றுகிற நாள். கழற்றிக் கூடையில் போட்டேன். கூடை மெஷினுக்குள் போயிற்று. கொதிநீர், நாற்பது நிமிடம். படிவம் கூழாகிவிட்டது. இரண்டு கட்டைவிரல் ரேகை இருந்த துண்டு மட்டும் ஒரு தலையணை உறையில் ஒட்டிக்கொண்டு தப்பித்தது. அதைக் கவனிக்காமல் உறையை நானே இஸ்திரி போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன், நர்ஸ் போன் பண்ணித்தான் தெரிந்தது.

எங்கள் மனு இப்போது நான்காவது வார்டில் இருக்கிறது. இன்னொரு படிவம் அனுப்பு.

அக்கா